இலையும் சேர்ந்து அசைந்த படங்கள்

சேந்தமங்கலம்,
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிருக்கு ஈடுகொடுத்து, வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். அடுத்த வரியில் இங்கே நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுதத்தான் போனேன், பேனா அங்கேயே நின்றுவிட்டது சாமி. அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது இந்தம்மா எதற்குத் தாள் தாளாக எழுதுகிறாள் என்று நினைப்பாய், போனில் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடு என்று அப்பாதான் சொன்னார். உன்னோடு படித்த ரஞ்சிதா ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளம்புகிறாள் அல்லவா, அவளிடம் கறிவேப்பிலைப் பொடியும் பருப்புப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கொல்லிமலை காலையில் கண்ணுக்கே தெரிவதில்லை, பத்து மணிக்கு மேல்தான் மேகம் விலகுகிறது. மரவள்ளிக் காட்டில் தண்ணீர் நின்று ஒரு ஓரம் அழுகிவிட்டது, போனது போகட்டும். எலுமிச்சை மரம் புதுத் துளிர் விட்டிருக்கிறது, வேலியோரம் கிலுகிலுப்பை தானாக முளைத்துப் பூத்து நிற்கிறது, அதில் பட்டாம்பூச்சி அப்பிக்கொண்டு கிடக்கிறது. இப்படி ஒரு வருஷம் வந்ததே இல்லை, ஆனால் போன வாரம் வரைக்கும் அதைப் படம் எடுக்க இந்த வீட்டில் ஆள் இல்லை. கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது, அதனால்தான் நீ கேட்ட படங்களை அனுப்ப முடியவில்லை என்று அப்பா உன்னிடம் சொன்னார். அது பொய். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே தெளிவாகும். நீ விட்டுவிட்டுப் போன கேமராவை, போர் போடுகிற ரிக் வண்டி வேலையை விட்டு வந்த வருஷம் அப்பா சும்மா கையில் எடுத்தார். ஊர் ஊராகப் போய்ப் பாறையில் ஓட்டை போட்ட மனுஷன் பூச்சியைப் படம் எடுக்கப் போகிறேன் என்றதும் நான் சிரித்த சிரிப்பு உனக்கும் கேட்டிருக்கும். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாடம் நடத்தினாய். ஸ்டாண்டு எல்லாம் வேண்டாம், நீங்கள் ஸ்டாண்டை விரிக்கிறவரை பூச்சி உட்கார்ந்திருக்காது, கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றாய். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள், பட்டனைக் குத்தாமல் மெல்ல அழுத்துங்கள், ஷட்டர் ஸ்பீடு ஆயிரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம், வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், புள்ளி புள்ளியாக வந்தால் அம்மா துடைத்துக்கொள்வாள் என்றாய். றெக்கைக்கு நேர் எதிராகக் கேமராவைப் பிடித்தால்தான் றெக்கை முழுக்கத் தெளிவாக வரும், போகஸ் எப்போதும் கண்ணுக்கு, உங்கள் நிழல் பூச்சிமேல் விழக்கூடாது என்றாய். இவரும் எலுமிச்சை மரத்தடியில் கொக்கு மாதிரி நின்று அத்தனையும் பழகினார். மூச்சை நிறுத்துகிறேன் என்று முகம் சிவந்து நிற்பார், மூச்சை விடுங்க, நெஞ்சு வெடிச்சிரும் என்று நான் உள்ளே இருந்து கத்துவேன், பூச்சி பறந்துவிடும், அப்புறம் எனக்குத்தான் திட்டு விழும்.

எடுப்பது அவர், திருத்துவது நான் என்று வேலை பிரிந்ததும் தானாக நடந்ததுதான். சேலைக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போட்டவள் நான், கட்டம் கட்டமாக நிரப்பிப் பழகிய கண்ணு, ஒரு இழை தப்பினாலும் தெரியும். அவர் ஒரே அழுத்தில் வரிசையாக எடுத்துத் தள்ளுவார், அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்குவேன், ஓரத்தை வெட்டிப் பூச்சியை நடுவுக்குக் கொண்டுவருவேன், வெயில் பட்டு வெளுத்த இடத்தைக் கொஞ்சம் அடக்குவேன், நிழலில் கிடக்கும் உடம்பைத் தூக்கிக் காட்டுவேன், பின்னால் இருக்கும் பச்சையில் புள்ளியைத் துடைத்துவிட்டு, றெக்கைக்கு மட்டும் கூர்மை ஏற்றுவேன். நீ வாங்கிக் கொடுத்த அந்தப் புது சாப்ட்வேரில் அசைவை நீக்கு என்று ஒரு பட்டன் இருக்கிறதே, முதலில் எப்போதாவது அதைத் தொடுவேன். அப்புறம் வாரத்துக்கு ஒரு படத்துக்கு. அப்புறம் அதைத் தொடாமல் ஒரு படம்கூட உனக்கு அனுப்ப முடியவில்லை. எனக்கு அது வேலையாகத்தான் தெரிந்தது, சேலை பார்டரில் தப்பின இழையைச் சரிபண்ணுகிற மாதிரி சரிபண்ணிக்கொண்டே இருந்தேன்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா மத்தியப் பிரதேசத்தில் இருந்து வந்தால் நான் ரெண்டு மூணு நாளைக்கு அவருக்கு அரை டம்ளர் டீதான் ஊற்றுவேன். ரிக்கில் வேலை செய்கிற எல்லார் வீட்டிலும் அப்படித்தான். துளை போடுகிற இரும்பு ராடு இறங்கும்போது அதில் உள்ளங்கையை வைத்துத்தான் கீழே மண்ணா, கல்லா, தண்ணீர் வரப்போகிறதா என்று பார்ப்பார்கள், அந்த அதிர்வு கையோடு வீட்டுக்கு வந்துவிடும், முழு டம்ளர் ஊற்றினால் சட்டையில் கொட்டிக்கொள்வார்கள். ரிக்கு இன்னும் எறங்கல என்று அவர்களுக்குள்ளேயே கேலி பேசிக்கொள்வார்கள், ரெண்டு நாளில் இறங்கிவிடும். போன வருஷம் ஆடியில் ஒருநாள் டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன், அப்பாவுக்கு அரை டம்ளர் ஊற்றி வைத்திருக்கிறேன். எப்போதிருந்து இப்படி ஊற்றுகிறேன் என்று யோசித்தால் தெரியவில்லை. என் கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்டதற்கு, அத்தனை வருசம் ரிக்குல கெடந்த கை புள்ள, அது சாவற வரைக்கும் எறங்காது என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ரிக்கை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதே, இப்போது எங்கிருந்து வந்து ஏறியது என்று கேட்கத் தோன்றவில்லை. நம் ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது, இங்கே கை நடுங்கினால் ரிக்கு என்றுதான் முதலில் சொல்வார்கள்.

எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது நீதான். வேண்டுமென்று இல்லை, பாடம் சொல்லும்போது சொன்னாய். படம் கலங்கினால் பூச்சி அசைந்ததா நாம் அசைந்தோமா என்று எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டதற்கு, இலையைப் பாருங்கள் அப்பா, இலை தெளிவாக இருந்து றெக்கை மட்டும் கலங்கியிருந்தால் அசைந்தது பூச்சி, இலையும் சேர்ந்து ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தால் அசைந்தது கை என்றாய். அவர் சரி சரி என்று தலையாட்டினார். நான் அடுத்த நாள் அவர் காட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திருத்தாத படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எலுமிச்சை இலையின் நரம்பு ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. போன வருஷப் படத்தில் அந்த இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது, இந்த வருஷப் படத்தில் தள்ளித் தள்ளி இருக்கிறது. கேமராவில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. அதே கேமராவை எடுத்துக்கொண்டு போய், அதே மரத்தடியில், பாடம் எதுவும் படிக்காத நான் என் கையால் எடுத்துப் பார்த்தேன். இலை நரம்பு ஒற்றைக் கோடாக, சுத்தமாக வந்தது. கேமரா கெட்டிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நான் அழுத அழுகை யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறமும் நான் அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். பயம்தான் சாமி, வேறு என்ன. போனில் கை நடுக்கம் என்று தேடினேன், பார்க்கின்சன் என்று வந்தது, ஒரு ஆள் சட்டைப் பட்டனைப் போட முடியாமல் நிற்கிற வீடியோ வந்தது, பாதியில் அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து அப்பா சட்டை போடும்போதெல்லாம் அந்தப் பக்கம் போய் நிற்கிறேன். அவர் வண்டியை எடுத்தால் திரும்பி வருகிற சத்தம் கேட்கும்வரை எனக்கு அடுப்பில் வேலை ஓடுவதில்லை. கிணற்று மேட்டில் குனிந்தால் பயம், சவரம் பண்ணினால் பயம், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரம்கூட நான் தட்டைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன். இத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, அப்பா கை நல்லாப் பழகிடுச்சு, போன மாசத்தைவிடத் தெளிவா இருக்கு என்று சொல்வாய், அவர் முகம் மலரும், நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் உங்கள் ஊர் நூலகத்தில் படக் கண்காட்சி வைக்கிறார்கள், அப்பா படத்தையும் வைக்கப்போகிறேன், கேமராவில் விழுந்தபடியே அசல் படத்தை அனுப்புங்கள் என்று நீ கேட்டாய். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். உனக்கு எதுக்கு சிரமம், நானே அனுப்பிக்கறன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம் அவரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது திரை நிறைய அந்த எலுமிச்சை மரத்துப் பூச்சி இருந்தது, நீ பாராட்டினாயே, ஆபீஸில் பெரிதாக ஒட்டியிருக்கிறேன் என்றாயே, அதே படம், திருத்தாதது. இத ஆரு எடுத்தது என்று கேட்டார். நீங்கதானுங்க என்றேன். நான் எடுத்தது இப்பிடி இல்லியே என்றார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை, திருத்தின படத்தையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வலது கையை மேஜைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, இடது கையை எடுத்து அதன்மேல் வைத்து மூடினார். அப்ப இத்தன நாளும் படம் எடுத்தது நீயா புள்ள என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதோடு கேமரா பையில் போய் ஆணியில் தொங்கியது. டாக்டரிடம் போகலாம் என்று நான் வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுவார். ஒருநாள் மட்டும் நின்று, டாக்டரு அதுக்கு ஒரு பேர வெச்சுட்டாருன்னா அது ஊட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும், பேரு இல்லாத வரைக்கும் அது ரிக்குத்தான் என்றார். அவருக்கும் பயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அதற்கு முன் அந்த மனுஷன் பயந்து நான் பார்த்ததில்லை, இருநூறு அடியில் ராடு மாட்டிக்கொண்டு வண்டியே சாய்ந்தபோதுகூட சிரித்துக்கொண்டே வந்து சொன்னவர். எனக்கு இருந்த தைரியமும் அதோடு போனது.

அப்புறம் சென்னியப்பன் அண்ணன் வந்தார், திருச்செங்கோட்டில் அப்பாவோடு ஒரே ரிக்கில் இருந்தாரே, அவர்தான், மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். விருந்தாளி என்று அவருக்கு டம்ளர் நிறைய டீ கொடுத்தேன், அப்பாவுக்கு வழக்கம்போல அரை டம்ளர். அண்ணன் ஒரு கையில் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டம்ளரை எடுத்துக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்பா தன் அரை டம்ளரை எடுக்கவே இல்லை, அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒன்றும் அறியாமல் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் மறைந்த பிறகு அப்பா, அவன் என்னயவிட அதிக வருசம் ரிக்குல இருந்தவன் என்றார். ஆறிப்போன அரை டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்றார். நாமக்கல்லில் காட்டினோம். டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், நடந்து காட்டச் சொன்னார், ஒரு தாளில் தன் பெயரையே வரிசையாக எழுதச் சொன்னார். முதல் வரியில் குமாரசாமி என்று அவர் எப்போதும் போடுகிற பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சுருங்கி, கடைசி வரியில் கண்ணாடி போட்டால்தான் தெரியும். டாக்டர் இதுதான் என்று ஒன்றையும் சொல்லவில்லை, மருந்தாலேயே கட்டுக்குள் வருகிற சாதாரண நடுக்கமாகவும் இருக்கலாம், சேலத்தில் நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நாளைக்கு இல்லை, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை போகிறோம். அந்தத் தாளை அப்பா கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன், அப்பா ஆணியில் இருந்து கேமராவை எடுத்துக்கொண்டு வந்தார். சேலம் போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு எடுக்கறன், நீ அந்தப் பட்டன அமுத்தக் கூடாது என்றார். கறிவேப்பிலைச் செடியில் கருப்புப் பட்டாம்பூச்சி ஒன்று, இரவு மழையில் நனைந்தது போலிருக்கிறது, றெக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டினார், மூச்சைப் பாதி விட்டார், நீ சொன்னது எதையும் மறக்கவில்லை. கேமரா மூக்கு மட்டும் நிற்கவில்லை. இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்து, வந்து புடி புள்ள என்றார். துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போய், அவருக்குப் பின்னால் ஒட்டி நின்று, இரண்டு முழங்கைக்கும் கீழே என் கையைக் கொடுத்தேன். அவர் கனத்தை என்மேல் சாய்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்மேல் சாய்ந்து நின்றதில்லை சாமி, நான்தான் சாய்ந்திருக்கிறேன். அவர் கையில் இருந்த நடுக்கம் என் உள்ளங்கைக்கு வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, ஒரு நிமிஷம் நின்றே போனது. அப்போது எடுத்தார். பூச்சி அசையாமல் கொடுத்தது, புண்ணியவதி. அந்தப் படத்தை அப்படியே பிரிண்ட் போட்டு இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன், ஓரத்தைக்கூட வெட்டவில்லை. புள்ளைக்கு எல்லாத்தையும் எழுதிரு, போன்ல வேண்டாம், அவ அழுதா என்னால கேக்க முடியாது என்று அப்பா சொன்னது அன்றைக்குத்தான்.

எனக்கு எப்படி இருக்கிறது என்றால், பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரக்கூடாது என்றும் இருக்கிறது, சீக்கிரம் வந்து தொலையட்டும் என்றும் இருக்கிறது. நீ இதைப் படித்ததும் டிக்கெட் போட்டுக்கொண்டு கிளம்பி வராதே, தேவைப்பட்டால் அம்மா கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடு, கூப்பிட்டால் முதலில் பூச்சியைப் பற்றிப் பேசு, டாக்டர் பேச்சை அவரே எடுக்கட்டும். சும்மா நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று இனிமேல் சொல்லாதே, எந்த இடம் சரியில்லையோ அதை முன்னைப் போலச் சொல்லிக் கொடு, அதுதான் அவருக்குப் பிடிக்கும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குளிரில் காதைக் கட்டிக்கொள், ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. நீயும் மாப்பிள்ளையும் எல்லாச் செல்வமும் பெற்று, தீர்க்காயுசாக, மனம் கோணாமல் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். மேலே விட்ட வரி விட்டபடியே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. படத்தைக் கையில் எடுத்ததும் நீ முதலில் இலையைத்தான் பார்ப்பாய், எனக்குத் தெரியும். இலையும் சேர்ந்துதான் அசைந்திருக்கிறது, நரம்பு இரண்டிரண்டாகத்தான் தெரியும். அப்பா அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, நீ புடிச்சும் என் கை நிக்கல பாரு என்று வைத்துவிட்டார், நான் எவ்வளவோ சொன்னேன், சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார். நீ சொன்னால் நம்புவார், சொல்லிவிடு சாமி. அந்த நேரம் அவர் கை கல்லு மாதிரி நின்றது. நடுங்கினது கீழே பிடித்திருந்த என் கை.

இப்படிக்கு, உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா,
கு. தெய்வநாயகி.